அகலக் கதவுள்ள லவுஞ்ச்

“இதையும் லவுஞ்ச்னு போர்டு போட்டு வச்சிருக்காங்க பாருங்க” என்றார், சாய்வு நாற்காலியை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தவர்.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா லேசாகச் சிரித்தார்.

நாற்காலியை அழுத்திப் பார்த்தவருக்குப் பேச்சைத் தொடர அது போதுமாக இருந்தது. பம்பு கம்பெனியின் விற்பனை மேலாளர் அவர். சொந்த வீட்டுச் சோபாவில் உட்கார்ந்ததைவிட விமான நிலைய லவுஞ்ச் ஓய்வறைகளில் உட்கார்ந்ததுதான் அதிகம். ஆபீசில் அவருக்கு ‘லவுஞ்ச் மாமா’ என்று பெயர். யார் எங்கே கிளம்பினாலும் முதலில் அவரிடம் வந்து விசாரித்துவிட்டுத்தான் பெட்டி கட்டுவார்கள்.

எந்த ஊரில் குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டும், எந்த ஊரில் வெந்நீர் பாதியில் காலை வாரிவிடும், எங்கே சூப் ஆறிப்போயிருக்கும், எங்கே கண்ணயர்ந்தால் போர்வை கொண்டுவந்து போர்த்துவார்கள். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. சாப்பாட்டுப் பக்கம் போகவில்லை. எதிரே ஒரு கடுங்காபி மட்டும். மடியில் நீல நிறப் பெட்டி ஒன்று. அதன் வாரை மணிக்கட்டில் சுற்றியிருந்தார்.

“நீங்களும் அடிக்கடி பறக்கறவங்க மாதிரிதான் தெரியுது. உங்களுக்கு எந்த லவுஞ்ச் பிடிக்கும்?”

அந்த அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார். “காலையில ஒண்ணுல இருந்தேன். அங்க பாத்ரூம் கதவு நல்ல அகலம்.”

லவுஞ்ச் மாமா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று உறைத்தது.

அந்த அம்மா பார்ப்பதெல்லாம் வேறாக இருந்தது. பெட்டியோடு பாத்ரூமுக்குள் நுழைய முடிய வேண்டும். சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார இடம் வேண்டும். நாற்காலி மெத்தென்று இருக்கக் கூடாது, தூக்கம் வந்துவிடும். மூலைமுடுக்கிலும் அறிவிப்பு காதில் விழ வேண்டும். காபி எவ்வளவு கசந்தாலும் நல்லது.

“ரொம்பக் களைச்சுத் தெரியறீங்க. போய் ஒரு குளியல் போட்டுட்டு வாங்க. பெட்டியை நான் பாத்துக்கறேன்.”

“இல்லீங்க, பரவாயில்லை.”

“அட, தூக்கிட்டு ஓடிர மாட்டேன்.”

அந்த அம்மா வாரை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார். தன்னை இவ்வளவு மரியாதையாகத் திருடனாக்கியவர் இதுவரை யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு, லவுஞ்ச் மாமா செல்போனை எடுத்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு வெளியே மதியமே இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. சிறிது நேரத்தில் அவர்கள் இருவரும் போக வேண்டிய விமானம் ரத்து என்று திரையில் விழுந்தது.

கவுண்டரில் இருந்த பெண் நேராக லவுஞ்ச் மாமாவைத் தேடி வந்தாள். மழை விட்டதும் கிளம்பும் விமானத்தில் ஒரே ஒரு இருக்கை இருக்கிறதாம். அடிக்கடி பறப்பவர் என்று அவரிடம் இருக்கும் கார்டுக்குத்தான் முதல் உரிமை. மற்றவர்களுக்கு இனி நாளைக்குத்தான்.

அவருக்கு அப்பாடா என்று இருந்தது. மகளுக்குப் பேசி வைத்திருக்கும் இடத்திலிருந்து மறுநாள் காலையில் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். “இந்தத் தடவையும் நீங்க இல்லேன்னா, பக்கத்து வீட்டுக்காரரைத்தான் அப்பான்னு உக்கார வைக்கணும்” என்று மனைவி சொல்லியிருந்தாள்.

போர்டிங் பாஸை வாங்கக் கவுண்டருக்குப் போனார். அந்த அம்மா முன்னாலேயே அங்கே நின்றிருந்தார். கை கடுத்திருக்க வேண்டும், ஆனாலும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“எலும்பு மஜ்ஜைம்மா. ஒருத்தர் தானமாக் குடுத்தது. அங்க ஆஸ்பத்திரியில பேஷன்ட் உடம்புல இருந்த மஜ்ஜையை எல்லாம் மருந்து குடுத்து அழிச்சாச்சு. இனி இது போய்ச் சேந்தாத்தான்.”

அந்தப் பெண் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு, தன்னையறியாமல், லவுஞ்ச் மாமாவைப் பார்த்தாள்.

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். மழையைப் பார்த்தார். மனைவிக்கு என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார்.

“என் சீட்டை இவங்களுக்குப் போட்டுரும்மா.”

மழை விட்டதும் அந்த அம்மாவோடு லவுஞ்ச் வாசல்வரை நடந்தார். அந்த அம்மா நன்றி சொன்னபோது, கேட்கலாமா கூடாதா என்று தயங்கிவிட்டுக் கேட்டார்.

“இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க?”

“வேலை இல்லீங்க, நானா விரும்பித்தான். என் பொண்ணுக்கும் இப்படித்தான் ஒரு பெட்டி வந்துச்சு.”

அவருக்கு மனசு லேசானது. “ஓ. இப்ப பொண்ணு நல்லா இருக்காளா?”

“இல்லீங்க. அவ உடம்பு அதை ஏத்துக்கல.”

அவர் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்.

அந்த அம்மாதான் அவரைத் தேற்றுவதுபோலச் சொன்னார். “ஆனா பெட்டி சொன்ன நேரத்துக்கு வந்துச்சு. யாரோ ஒருத்தர் கண்ணு மூடாமக் கொண்டாந்து சேத்துட்டுப் போயிருக்கார். அன்னைக்கு மட்டும் அது லேட்டா வந்திருந்தா, இன்னைக்கு வரைக்கும் அதையே நெனச்சு நெனச்சுச் செத்துக்கிட்டிருப்பேன்.”

விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். அந்த அம்மா ஓடவில்லை. பெட்டியை இரு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, அது கொஞ்சமும் குலுங்காமல், எதிரே வந்தவர்கள் தாமாக ஒதுங்கி வழிவிடும்படி, விறுவிறுவென்று நடந்து போனார்.