கடை வாசலில் மரவள்ளி

"முதலாளி, இது துணிக்கடையோ, மரவள்ளித் தோட்டமோ?"

இரகுநாதன் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. புதுக் கட்டடங்கள் சட்டப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பது நகரசபையில் அவருடைய வேலை.

ஹுமைத் முதலாளி வாசலில் நின்று சிரித்தார். "பச்சையாத்தானே இரிக்கி, ஐயா."

"பச்சை எண்டாப் போதுமோ? கடைக்கு முன்னால விட்ட நிலத்தில புல்லும் பூக்கன்றும் வைக்கவேணும். சுத்திவர வேலி போடவேணும். பஸ்ஸால இறங்கிற சனம் முதல்ல பாக்கிறது இந்த றோட்டைத்தான். வடிவா இருக்க வேண்டாமோ?"

"வைக்கலாம் ஐயா. கொஞ்சம் பொறுங்க."

"எனக்கு முதல் இருந்தவருக்கும் இதையேதானே சொன்னனீங்கள்."

அது உண்மைதான். கடை திறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் தற்காலிக அனுமதியில்தான் ஓடுகிறது. பூக்கள் இருக்கவேண்டிய இடத்தில் மரவள்ளி ஆளுயரத்துக்கு நிற்கிறது.

எதிரே தேநீர்க்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அரிசி, மாவுக்குத் தட்டுப்பாடுதானே. முதலாளி கிழங்குக்கும் காசு செலவழிக்க மாட்டார்போல!"

இரகுநாதனுக்கும் அப்படித்தான் பட்டது. இவ்வளவு பெரிய கடை. ஒரு பூச்செடி வைக்க மனம் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை காலம்பிற ஆக்களோட வருவன். எல்லாத்தையும் பிடுங்கிப்போட்டு நானே வேலி அடைப்பிக்கிறன். அதுக்கும் மறிச்சியள் எண்டால், கடைக்குப் பூட்டுத்தான்."

முதலாளியின் சிரிப்பு மறைந்தது.

"பூ வைக்கிறேன் ஐயா. வேலி மட்டும் வேணாம்."

"ஏன் வேண்டாம்?"

முதலாளி உள்ளே துணி மடிக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இரகுநாதன் வேலையாட்களுக்கு முன்பே வந்துவிட்டார். பனி இன்னும் கலையவில்லை. கடை உள்ளே தாழிட்டிருந்தது; முதலாளி இரவில் படுப்பதும் அங்கேதான். மரவள்ளிக்குள் ஏதோ அசைந்தது.

தலையில் முக்காடிட்ட ஒரு பெண் குந்தியிருந்தாள். ஒரு செடியை ஆட்டிப் பிடுங்கினாள். கிழங்கைத் துணியில் கட்டினாள். தண்டை ஒடித்து, அதே இடத்தில் நட்டு, மண்ணைக் காலால் மிதித்துவிட்டாள்.

"ஆரது?"

அவள் எழுந்தாள். மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"சத்தம் போடாதீங்க சாமி. மொதலாளி எந்திரிச்சிருவாரு."

"எழும்பட்டும்! களவெடுக்கவோ வந்தனீ?"

"ஆமாங்க."

மறுப்பாள் என்றுதான் இரகுநாதன் எதிர்பார்த்திருந்தார்.

"தேயிலைத் தோட்டத்துல வேலையக் கொறச்சிட்டாங்க. மாவும் இல்லீங்க. சின்னவனப் போன மாசம் பொதைச்சோம். மத்ததுங்க லயத்து வீட்டுல எந்திரிக்கத் தெம்பில்லாம கெடக்குதுங்க."

"முதலாளியிட்டைக் கேட்டு எடுத்திருக்கலாந்தானே?"

"கேட்டு வாங்குனா பிச்சைங்க, ஐயா." அவள் குரல் இறங்கியது. "இந்தக் கருப்பம்மா ஒழைச்சுத் தின்னவ. கை நீட்ட முடியலீங்க. என்னைக்காச்சும் வேலை கெடைச்சா, எடுத்ததுக்கு வந்து கணக்குத் தீத்துருவேன்."

இரகுநாதன் வழியை விட்டு விலகி நின்றார். அவள் மூட்டையோடு றோட்டில் இறங்கி வேகமாக நடந்தாள்.

ஆனாலும் சொந்தக்காரருக்குச் சொல்லாமல் விடுவது முறையில்லை என்று பட்டது. கடைப்படி ஏறினார். பலகைக் கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.

"தட்டாதீங்க, ஐயா."

குரல் கதவுக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டத்தில் கேட்டது. முதலாளி அங்கேதான் நின்றிருக்கிறார்.

"அவ சந்தி திரும்பட்டும்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும். ஒரு நாள் கூப்பிட்டுத் திங்கப் பாண் குடுத்தேன். கும்புட்டாள். வாங்காமப் போய்ட்டாள். அன்னைக்குப் பசியோட அவள் நடந்த நடை இன்னும் என் கண்ணுக்குள்ள இரிக்கி."

இரகுநாதன் கதவில் கை வைத்தபடி நின்றார்.

"அதுக்குப் பொறகுதான் செடியளை இன்னும் நெருக்கமா நட்டேன். இப்ப இன்னும் ஆக்கள் வாறாங்க. நான் பார்த்தேண்டு தெரிஞ்சா நாளைக்கு வர மாட்டாங்க. வேலி போட்டா எப்படி ஐயா வருவாங்க?"

றோட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. மண்வெட்டிகளோடு வேலையாட்கள் வந்து நின்றார்கள். அவர்களுக்குச் சற்றுப் பின்னால், வெறும் பையோடு வந்த இன்னொரு பெண் ஆட்களைக் கண்டு பக்கத்து மதிலோரம் ஒதுங்கினாள்.

இரகுநாதன் அவளைப் பார்த்தார். பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்கேருந்து வெட்டணும், சார்?"

"வெட்ட வேண்டாம். றோட்டோரமா ஒரு வரிசை பூக்கன்று வைச்சால் போதும். அதுவும் மத்தியானம் வந்து வைப்பம். இப்ப போங்கோ."

"வேலி, சார்?"

"சட்டத்துக்கு நான் பதில் சொல்லுறன்."

வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் படியேறி வந்தான்.

"அப்ப மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிறட்டுமா?"

இரகுநாதன் கதவை மறைத்து நின்றார்.

"சத்தம் போடாதை. முதலாளி இன்னும் எழும்பேல்லை."