தனிச் சமையலறை

"வரைபடத்துலேர்ந்து சமையலறையை நீக்கிட்டு வாங்க, உடனே கையெழுத்துப் போடறேன்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

நகராட்சி அதிகாரி வரைபடத்தைத் தள்ளிவிட்டார். கொல்லைப்புறத்தில் கட்டும் சின்ன வீட்டில் தனிச் சமையலறை கூடாது என்பது விதி.

"சமையலறை இல்லாம முடியாது சார்," என்றான் கணவன்.

"தனி வாசலும் வேணும்," என்றாள் மனைவி.

"பெரிய வீட்டோட ஒட்டிக் கட்டி, நடுவுல ஒரு கதவு வைங்களேன். ஒரே அடுப்பு போதுமே."

"கதவு வேண்டாம்!" இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதிகாரிக்குப் பொறுமை போயிற்று. வயதானவர்களை ஓரங்கட்ட இப்படிக் கிளம்பி வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

"ஏம்மா, மாமியாருக்கும் சேர்த்துச் சமைச்சா கை தேய்ஞ்சா போயிடும்? தம்பி, பெத்தவளைக் கொல்லைக்குத் தள்றாங்க, நீங்களும் வாயை மூடிக்கிட்டு நிக்கறீங்களே?"



"அத்தைக்கு நான்தான் சமைக்கிறேன் சார். அவங்க முன்வீட்டுல என்னோடதான் இருப்பாங்க," என்றாள் அவள்.

"அப்போ பின்வீடு யாருக்கு?"

"எனக்கு சார்," என்றான் அவன். "எங்களுக்கு விவாகரத்து ஆகப்போகுது. அம்மாவை என்கூட வந்துடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்துட்டேன். மருமகளை விட்டுட்டு வர மாட்டேங்கறாங்க."