ஓடாத டாங்கி

"கொலைக் கருவி வரையறவனுக்கு என் பொண்ணைக் கொடுக்க மாட்டேன்."

பையன் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பா சொன்னார். மாப்பிள்ளையாக வரவேண்டியவன் தண்ணீர்த் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் அப்படியே நின்றான். மகள் அப்பாவுக்குப் பின்னால் படியிறங்கினாள்.

வரும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பையன் லிஃப்ட் மெக்கானிக். கெட்ட பழக்கம் கிடையாது. மகளுக்குப் பிடித்திருந்தது, அவளே அப்பாவிடம் மறைக்காமல் சொல்லி அழைத்து வந்திருந்தாள். அப்பாவும் பாதி மனசு இளகித்தான் வந்தார். கை கழுவப் போன இடத்தில் பக்கத்து அறையை எட்டிப் பார்த்ததுதான் வினை.

நாலு சுவரிலும் டாங்கிகள். எல்லாம் அவன் பென்சிலால் வரைந்தவை. ஒன்றுகூட நிஜத்தில் எங்கேயும் ஓடியதில்லை.

இரண்டாம் உலகப் போர் இன்னும் இரண்டு வருஷம் நீண்டிருந்தால் எப்படிப்பட்ட டாங்கி வந்திருக்கும்? அவன் யோசித்து யோசித்து வரைவது அதைத்தான். பெட்ரோல் தீர்ந்துபோயிருந்தால் விறகில் ஓட, முதுகில் அடுப்பைச் சுமந்த டாங்கி ஒன்று. பாலங்கள் எடை தாங்காத மலைநாட்டுக்காக, இரண்டாகப் பிரிந்து ஆற்றைக் கடந்து மறுபடி சேர்ந்துகொள்ளும் டாங்கி ஒன்று. அந்தப் போர்க்காலம் வரை கண்டுபிடிக்கப்படாத ஒரு ஆணியைக்கூட வைக்கக் கூடாது என்பது அவன் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம்.

அப்பா ஏதோ கேட்கப்போக, அவன் உற்சாகமாக ஒவ்வொன்றையும் விளக்க ஆரம்பித்துவிட்டான். அவர் முகம் கறுத்துக்கொண்டே போனதை அவன் கவனிக்கவில்லை.

அப்பா ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். கரப்பான்பூச்சியைத் தம்ளரால் மூடிப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுவார். அவருடைய தம்பி பட்டாளத்துக்குப் போய்ப் பெட்டியில் திரும்பி வந்தவர். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் ஒரு பொம்மைத் துப்பாக்கிகூட நுழைந்ததில்லை. மகளுக்கும் அது தெரியும். அதனால்தான் அவள் அன்றைக்கு எதிர்த்துப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா ஒரு நிபந்தனை சொன்னார். வரைந்ததை எல்லாம் எரித்துவிட்டு, இனிமேல் டாங்கி பக்கமே போகமாட்டேன் என்று அவன் ஒரு வார்த்தை கொடுக்க வேண்டும். கொடுத்தால் அடுத்த மாதமே கல்யாணம்.

மகள் போய்ச் சொன்னாள். அவன் நெடுநேரம் யோசித்தான்.

"எரிச்சிடலாம். ஆனா கை சும்மா இருக்காது. நாளைக்கு ஒளிஞ்சு வரையணும், உங்கப்பாகிட்ட பொய் சொல்லணும். பொய்யில ஆரம்பிக்க வேணாமே."

இதைக் கேட்டதும் அப்பா சிரித்தார். அவனுக்கு உன்னைவிட டாங்கிதான் உசத்தி, இப்பவாவது புரிந்துகொள் என்றார்.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. அப்பாவுக்கு மூத்தவள், அவரை அதட்டும் உரிமை உள்ளவள். "குடிக்கிறான்னு வேணாம்னவங்களைப் பார்த்திருக்கேன். சீட்டாடறான்னு வேணாம்னவங்களையும் பார்த்திருக்கேன். பென்சில் சீவறான்னு வேணாம்னவன் நீ ஒருத்தன்தான்டா."

அப்பா மசியவில்லை.

மகளும் மசியவில்லை. அழவில்லை, சாப்பாட்டை ஒதுக்கவில்லை, வீட்டை விட்டுப் போகிறேன் என்று மிரட்டவில்லை. ஒரே ஒரு தடவை சொன்னாள்: "எனக்கு அவர்தான்ப்பா. அதுவும் உங்க சம்மதத்தோடதான். எத்தனை வருஷமானாலும் சரி."

அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எப்போதும்போல அப்பாவின் ரப்பர் பட்டறைக்குப் போய் வேலை பார்த்தாள். வேறு வரன் வந்தால் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து உபசரித்து, தன் மனசில் இருப்பதைத் தன் வாயாலேயே சொல்லி வழியனுப்பினாள். மூன்றாவது வரனோடு தரகர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அப்பாவால்தான் தாங்க முடியவில்லை. சண்டை போடுகிற பெண்ணைச் சமாளிக்கலாம். சிரித்த முகத்தோடு காத்திருக்கிறவளை என்ன செய்வது? ஒருநாள் மத்தியானம், பட்டறை முற்றத்தில் லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த அவளிடம் அவரே வந்தார். குரல் தழைந்திருந்தது.

"எரிக்கக்கூட வேணாம்மா. டாங்கி பக்கம் போகமாட்டேன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லச் சொல்லு. எனக்கு அது போதும்."

"சொல்லச் சொல்றேன்ப்பா. நீங்க முதல்ல சொல்லுங்க."

"நான் எதுக்கு? நானா டாங்கி வரையறேன்?"

அவள் ஏற்றாமலிருந்த பெட்டி ஒன்றின் மூடியைத் திறந்தாள். உள்ளே வரிசையாகக் கறுப்பு ரப்பர் கட்டைகள். டாங்கியின் இரும்புச் சங்கிலி சாலையைக் கிழிக்காமலிருக்க அடியில் மாட்டுகிற கட்டைகள். எதிரே நின்றது பட்டாளத்து லாரி. பட்டறை நொடித்துப்போகாமல் இத்தனை வருஷம் நின்றது இந்த ஒரு ஆர்டரால்தான்.

அப்பா பெட்டியைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இது வெறும் ரப்பர்தானேம்மா."

"அவரோடது வெறும் காகிதம்ப்பா."

லாரி டிரைவர் வந்து, கிளம்பலாமா என்று கேட்டார். அப்பா பெட்டியை மூடி லாரியில் ஏற்றிவிட்டு, போகலாம் என்று தலையசைத்தார்.

லாரியை நிறுத்த முடியாதவருக்கு, அதன் பிறகு கல்யாணத்தை நிறுத்த வாய் வரவில்லை.