மோனை மோசம்

"என் வெண்பாவுல நிரை தப்பாம்! அதனாலதான் மோனையும் மோசமாம்! யார் சொல்றது? உன் சிநேகிதி டாக்டர் மஞ்சுஷா!"

கும்பகோணத்திலிருந்து மட்டாஞ்சேரியில் மகன் வீட்டுக்கு வந்திருந்த கவிஞர் வாஞ்சிநாதன், செருப்பைக்கூடக் கழற்றாமல் மருமகளிடம் குமுறினார்.

அஞ்சனா தலையில் கைவைத்தாள். "அவளுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாதே, மாமா."

"அதான் பேச்சிலேயே தெரியறதே! ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்கறதாம், இடுக்கெல்லாம் அழுக்காம். இப்படியே விட்டா ஒவ்வொண்ணா ஆடி விழுந்துடுமாம். ஐம்பது வருஷமா எழுதறேன், ஒரு சீர்கூட அசைஞ்சதில்லை!"

"அங்க போய் நீங்க என்னதான் பண்ணினேள்?"

"வெண்பா சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ளே தீர்ப்பு சொல்லிட்டா."

"என்டெ குருவாயூரப்பா! ஈறுல ரத்தம் வரதுன்னுதானே உங்களைப் பல் டாக்டர்கிட்ட அனுப்பினேன்? மலையாளத்துல நிரன்னா வரிசை, மோணன்னா ஈறு. பல் வரிசை தப்பினதால ஈறு கெட்டிருக்குன்னு சொல்லியிருக்கா. கவனிக்கலைன்னா பல்லெல்லாம் போயிடும், மாமா!"

வாஞ்சிநாதன் நாக்கால் பல்லைத் துழாவிப் பார்த்தார். முகம் முன்பைவிட வாடியது.

"பல் போனாப் போறது. அப்போ வெண்பாவைப் பத்தி அவ ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா?"