மனசை அளக்கும் நாழி

"அவளாக்கும் எடுத்திருக்கா! கொல்லைப்பக்கம் வேற யார் வந்தா?"

கிணற்றடியில் குளிக்கும்போது கழற்றி வைத்த வைரத் தோட்டில் ஒன்றைக் காணவில்லை. கல்பாத்தி அக்கிரகாரத் தெருவே கேட்கும்படி கத்தினாள் அபயாம்பாள். மாட்டுக்கொட்டில் வேலை செய்யும் காளியாத்தாள் மேல்தான் சந்தேகம்.

"நானு எடுக்கலீங்கம்மா."

"போலீஸ் வந்து கேட்டா தன்னால சொல்லுவே."

மகன் ராமபத்ரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போலீஸ் என்றால், எடுத்தாலும் அடி, எடுக்காவிட்டாலும் அடி. அவன் மதராஸில் மனோதத்துவம் எம்.ஏ. படிக்கிறவன், ஐம்பத்தைந்தாம் வருஷக் கோடை லீவுக்கு வந்திருந்தான்.

"இரு அம்மா. எடுத்தாளா இல்லையான்னு நான் அளந்து சொல்றேன்."

"நெல்லை அளக்கற மாதிரி மனசை அளக்கறதுக்கு நாழி வெச்சிருக்கியோ, இடங்கழி வெச்சிருக்கியோ?"

"மனசு கண்ணுக்குத் தெரியாது. ஆனா பயந்தா நாடி ஓடும். நாடியை எண்ணிடலாமோல்லியோ?"

காளியாத்தாளிடம் போனான். "கையை நீட்டு."

அவள் பின்னால் நகர்ந்தாள்.

"பாத்தியா, கள்ளி! கையைக் குடுக்க மாட்டேங்கறா!"

ராமபத்ரன் விடவில்லை. மணிக்கட்டை எட்டிப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சாதாரணக் கேள்விகளுக்கு நாடி எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"உன் பேரென்ன?"

"காளியாத்தாளுங்க."

நாடி தறிகெட்டு ஓடியது.

"மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?"

"ஆச்சுங்க."

அதே ஓட்டம்.

"தோட்டை எடுத்தியா?"

"இல்லீங்க."

கூடவுமில்லை, குறையவுமில்லை. எம்.ஏ. குழம்பிப்போனது.

"பேரைச் சொல்லும்போதே இப்படி ஓடறதே அம்மா!"

"அப்போ பேரே பொய்யாக்கும்!"

வைரம் போன பதற்றத்தில் மறந்திருந்த ஆசாரம் அப்போதுதான் அபயாம்பாளுக்கு ஞாபகம் வந்தது.

"ஏண்டா பாவி, அவளைத் தொட்டுண்டா நிக்கறே? படிச்சுப் படிச்சு எல்லாத்தையும் தொலைச்சாச்சு! போய்க் குளிச்சுட்டு உள்ள வா!"

வாங்கிக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். கல்தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினான். உச்சந்தலையில் நங்கென்று ஏதோ விழுந்து தரையில் உருண்டது.

தோடு! சுவரில் வைத்தது தவறித் தொட்டிக்குள் விழுந்திருக்கிறது.

அபயாம்பாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ராமபத்ரனுக்கு அதைவிடப் பெரிய நிம்மதி. போலீஸ் இல்லை, அடி இல்லை, ஒரு பாவமும் இல்லை. ஈரத் துண்டோடு மாட்டுக்கொட்டிலுக்கு ஓடினான்.

"கெடச்சுடுத்து, காளியாத்தா! நீ எடுக்கலை. அப்புறம் ஏன் அப்படிப் பயந்தே?"

காளியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கென்ன பயமுங்க, நாந்தான் எடுக்கலியே. என்னையத் தொட்டுப்போட்டீங்களே, சின்னச்சாமிய அம்மா வைவாங்களேன்னுதானுங்க பயந்தேன்."