அந்த அம்மாவின் மௌனம்

ஹக்கீம் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார்.

அவள் கடிக்கப்போன பப்ஸைக் கீழே வைத்தாள்.

"படிச்சாச்சுங்களா?" என்றார் திருமலைசாமி சார். புத்தகம் அவருடையது.

"முழுசா" என்றார் ஹக்கீம்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

ஞாயிறு மாலை. பேக்கரியின் கடைசி மேஜை. நான்கு பேர். ஒரே புத்தகம் கைமாறிக் கைமாறி வரும். படித்து முடித்தவர் ஒரு வரி சொல்ல வேண்டும். ஒரு வரிதான். கதையைச் சொல்லக் கூடாது. அடுத்துப் படிப்பவருக்குச் சுவை கெட்டுவிடும்.

சார் போட்ட சட்டம்.

இந்த நாவலுக்குச் சாரின் வரி: "ரெண்டாவது பாதில அந்தம்மா பேசறதே இல்ல பாருங்க, அந்த மௌனந்தான் நாவலே."

சுகந்தியின் வரி: "மக எல போட்டுச் சோறு வெக்கறா, அந்தம்மா தொட்டுக்கூடப் பாக்கல, என்ன ஒரு வைராக்கியம்!"

அவளுடைய வரி: "அந்த மௌனம் என்னத் தூங்க விடலீங்க."

அன்றைக்கு அவள் படித்திருந்தது பின்னட்டை.

வேறென்ன செய்வாள். ஒரு வருடம் பக்கத்து மேஜையில் தனியாக டீ குடித்து, இவர்கள் பேசுவதற்குக் காது கொடுத்து, கடைசியில் கூப்பிடப்பட்டவள். வாரத்தில் அவள் வாய் திறந்து பேசும் இடம் இது ஒன்றுதான்.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒருவர் இருந்தார். ஒரு புத்தகத்துக்கு, "நல்லாருந்துச்சுங்க" என்றார்.

பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை.

புத்தகத்தை அன்றைக்குக் கைமாற்றாமல், வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னாள். வீட்டுக்குப் போனாள். மனசு உறுத்த, முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

நடுவில் ஒரு கற்றைத் தாள் பிரியவில்லை. அச்சகத்தில் மடித்தது மடித்தபடியே இருந்தது. ஓரம் வெட்டுப்படவே இல்லை. புரட்டினால் மொத்தமாகப் புரண்டது.

சாரும் மொத்தமாகத்தான் புரட்டியிருந்தார். சுகந்தியும்.

காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து கிழித்தாள்.

உள்ளே அந்த அம்மா செத்துப்போனாள்.

மஞ்சள் காமாலை. பாடை கட்டியது, கொள்ளி வைத்தது எல்லாம் விரிவாகவே எழுதியிருந்தது.

அவள் கத்தியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

செத்தவள் எப்படிப் பேசுவாள்.

படையல் சோற்றை எப்படித் தொடுவாள்.

சொல்லிவிடலாம். சொன்னால், "அப்புறம் எதுக்குங்க நீங்க தூங்கல?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பசை வாங்கி வந்து ஒட்டிப் பார்த்தாள். உப்பிக்கொண்டது. ஈரம் காயும் முன்பே பிரித்தாள். கத்தி போன தடம் பிசிறு பிசிறாக நின்றது.

அப்படியேதான் போன வாரம் ஹக்கீமிடம் கொடுத்தாள்.

ஹக்கீம் மருந்துக்கடைக்காரர். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிப்பவர். புதிதாகச் சேர்ந்திருக்கிறார். இதுதான் அவருடைய முதல் வரி.

"சொல்லுங்க பாய்" என்றார் சார். "அந்த மௌனம் இருக்குதே..."

"அவரச் சொல்ல உடுங்க சார்" என்றாள் சுகந்தி. "ஒருக்கா சொன்னதையே எத்தன ஞாயித்துக்கெழமதான் சொல்லுவீங்க."

ஹக்கீம் புத்தகத்தை எடுத்தார். பிசிறை விரலால் தடவினார். சாரைப் பார்த்தார். சுகந்தியைப் பார்த்தார்.

கடைசியில் அவளைப் பார்த்தார்.

அவள் டீ கிளாஸுக்குள் பார்த்தாள். அடியில் கொஞ்சம் சர்க்கரை கரையாமல் கிடந்தது.

"அந்தம்மா இனிமேப் பேசவே மாட்டாங்கன்னு தெரிஞ்ச எடத்துல, புத்தகத்த மூடி வெச்சுட்டு அழுதுட்டனுங்க."

சார் மேஜையைத் தட்டினார். கிளாஸ்கள் குதித்தன.

"அதேதான்! இவருதான்யா வாசகரு!"

அவளுக்கு மூச்சு வந்தது. ஹக்கீம் அவள் பக்கம் திரும்பவில்லை. தட்டை அவள் முன்னால் நகர்த்தினார்.

"பப்ஸ் ஆறுது, சாப்புடுங்க."

சார் பையைத் திறந்தார். அடுத்த புத்தகம். தடிமனாக இருந்தது. அதே பதிப்பகம்.

"இத ஒரு எழுத்து உடாமப் படிச்சனுங்க. என்ற வரியக் கேட்டுக்கங்க. கத நடுவுல ஒரு தாவு தாவறான் பாருங்க, அங்கதான் அவன் எழுத்தாளன்!"

சுகந்தி கையை நீட்டினாள். சார் சுகந்தியைத் தாண்டி நீட்டினார்.

"இந்தத் தடவ மொதல்ல இவங்க. தூக்கம் கெட்டுப் படிக்கறவங்க."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

மேல் ஓரத்தைப் பார்த்தாள்.

ஹக்கீமும் எட்டிப் பார்த்தார்.

நடுவில் ஒரு கற்றை மூடியபடியே இருந்தது.

ஹக்கீம் எழுந்து கல்லாப் பக்கம் போனார். கடைக்காரரிடம் என்னவோ கேட்டார். கேக் வெட்டும் கத்தியோடு திரும்பி வந்து, அதைப் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"யாருக்குங்க பொறந்தநாளு?" என்றாள் சுகந்தி.



சார் கத்தியைப் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த புத்தகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, பழைய புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, பிசிறு தெரிந்த இடத்தில் பிரித்தார்.

இன்னொரு டீ வந்தது.

சார் பேசவே இல்லை.