மூன்று இடங்கள்

கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"இதுல கட்டியே வைக்கலை. கம்பெனிக்காரன் நம்மளை ஏமாத்திட்டான்."

பயிற்சிக்கென்று புதிதாக வந்திருந்த ரப்பர் மார்பகம் அது. சுற்றி நின்ற நர்ஸ்கள் சிரித்தார்கள். பொற்கொடி சிஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பதினொரு வருடமாக இந்த ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கெல்லாம் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை சொல்லிக்கொடுப்பவள் அவள்தான்.

பிரசவ வார்டு ஹசீனா சும்மா தொட்டுப் பார்த்தாள். அக்குளை ஒட்டி அவள் விரல் நின்றது.

"ஒன்னு!"

கிடைத்தால் சத்தமாகச் சொல்ல வேண்டும். அது பொற்கொடி போட்ட சட்டம்.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். பொற்கொடி போகவில்லை. வெட்கமாக இருந்தது. எப்படித் தவறியது என்று தெரியாமல் இருப்பும் கொள்ளவில்லை.

இத்தனை வருடமும் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த பழைய ரப்பர் பொம்மையை எடுத்தாள். அதில் மூன்று கட்டிகள். கண்ணை மூடினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. மூச்சு விடுவதற்குள் முடிந்தது.

அதையே தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

ஒன்றுமில்லை.

விரல்கள் பழகிய மூன்று இடங்களுக்குப் போயின. காலியாக இருக்கவும் திரும்பி வந்துவிட்டன. தேடவே இல்லை. இத்தனை வருடமும் அவை தேடியதே இல்லை, தெரிந்த இடத்துக்குப் போய்த் தொட்டுவிட்டு வந்திருக்கின்றன.

கெட்டிக்கார விரல்கள்தான். அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பிறகு சிரிப்பு நின்றது.

மாதம் தவறாமல், குளியலறையில், தன் உடம்பில் அவள் தொட்டுப் பார்ப்பதும் அந்த மூன்று இடங்களைத்தான்.

ஹசீனா அவளுக்கும் ஒரு டம்ளர் டீயோடு திரும்பி வந்தபோது பரிசோதனைக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே பொற்கொடி வலது கையைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தாள். கழற்றிய மேல்கோட்டு கட்டில் கம்பியில் தொங்கியது.

"டீயை வச்சிட்டு வாங்க சிஸ்டர். கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க. பொம்மைன்னே நினைச்சுக்கோங்க."

ஹசீனாவின் விரல்களுக்கு எந்த இடமும் தெரியாது. அதனால் ஓர் இடம் விடாமல் மெதுவாகச் சுற்றி வந்தன.

பொற்கொடி மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த விரல்கள் அடுத்து எங்கே போகும் என்று பார்க்கும் ஆசை விடவில்லை.

அக்குளை ஒட்டி அவை நின்றன.

கொஞ்சம் நகர்ந்தன. மறுபடி அங்கேயே வந்தன.

ஹசீனா கண்ணைத் திறக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை.

"சத்தமா சொல்லணும் சிஸ்டர்," என்றாள் பொற்கொடி.